வகாண்டாவுக்கு வந்த கடிதங்கள்

எரியும் சிலுவையில் ஒருவனைக் கட்டிவைத்திருக்கிறார்கள். உச்சி முதல் பாதம் வரை கறுப்பு உடை. சுற்றிலும் வெள்ளை அங்கியும் கூம்பு முக்காடும் அணிந்த கூட்டம். 1976 மே மாதத் தேதியிட்டு வந்த ‘ஜங்கிள் ஆக்‌ஷன்’ 21ஆம் இதழில் அமெரிக்க வாசகர்கள் கண்ட காட்சி இது. கட்டப்பட்டவன் டி’சாலா. வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் அரசன். பிளாக் பேந்தர் என்ற பெயரில் மார்வெல் நிறுவனத்தின் சூப்பர் ஹீரோ. கட்டியவர்கள் கு கிளக்ஸ் கிளான். இடம், ஜார்ஜியா மாநிலம். வேற்றுக்கிரக அரக்கர்களோடு மோதும் நாயகர்களின் புத்தகங்களுக்கு நடுவே, நிஜமான ஒரு கொலைகாரக் கூட்டத்தைப் பெயர் சொல்லிச் சுட்டிய சித்திரக்கதை அன்று கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த மூன்றே இதழ்களில் அந்தப் பத்திரிகை நிறுத்தப்பட்டது. கதை பாதியில் நின்றது.

விற்பனை போதவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் விற்பனைக் கணக்கு மட்டும் பார்த்தால் இந்தப் புத்தகத்தைச் சுற்றி நடந்தது எதுவும் புரியாது. ‘ஜங்கிள் ஆக்‌ஷன்’ கடைசிப் பக்கங்களில் வாசகர் கடிதங்கள் வரும். மனதாரக் கொண்டாடியவர்கள், படிக்கவே முடியவில்லை என்று சலித்துக்கொண்டவர்கள், இந்த நாயகன் எங்களுடையவன் என்று உரிமை கோரியவர்கள், சூப்பர் ஹீரோ கதையில் நிறப் பிரச்சினை எதற்கு என்று முகம் சுளித்தவர்கள் என எல்லோரும் ஒரே பக்கத்தில் தோளோடு தோள் உரசி நின்றார்கள். அமெரிக்காவில் ஒரு கறுப்பின நாயகனைச் சுற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓயாமல் நடக்கும் விவாதம் ஒன்று உண்டு. அதன் முழு வடிவமும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. அந்தச் சண்டைதான் அடுத்தடுத்த நாயகர்களை உருவாக்கியது என்பது என் உறுதியான எண்ணம். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

சிம்மாசனத்தை விட்டு வந்த இளவரசன்

தமிழில் சித்திரக்கதை படித்து வளர்ந்த தலைமுறைக்கு அறிமுகமான முதல் கறுப்பு வீரன் அநேகமாக லொதார். முத்து காமிக்ஸில் மந்திரவாதி மாண்ட்ரேக்கின் பின்னால் மலைபோல் நிற்பவன். 1934இல் லீ ஃபாக் உருவாக்கிய அந்தத் தொடரில் லொதார் ஓர் ஆப்பிரிக்க இளவரசன். தன் மக்களை ஆளப் போகாமல் ஒரு வெள்ளைக்கார மந்திரவாதியின் உதவியாளனாக வந்துவிட்டவன். தொடக்க காலத்தில் அவனுக்குச் சிறுத்தைத்தோல் உடை, தலையில் குல்லாய், வாயில் உடைந்த ஆங்கிலம். 1965இல் ஃபிரெட் ஃபிரெட்ரிக்ஸ் ஓவியராக வந்த பிறகே அவன் ஒழுங்கான உடை அணிந்து, ஒழுங்காகப் பேசத் தொடங்கினான். நம் மொழிபெயர்ப்பில் லொதாரின் பேச்சு அவ்வளவு கொச்சையாகத் தெரியாது. அதனால் நாம் அவனை வெறும் பலசாலியாகவே நேசித்தோம். அமெரிக்கக் கறுப்பினச் சிறுவனுக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் தன் முகத்தைத் தேடிப் புத்தகத்தைத் திறந்தபோதெல்லாம் கிடைத்தது எடுபிடியும் கோமாளியும்தான்.

மாற்ற முயன்றவர்கள் இருந்தார்கள். பிலடெல்ஃபியாவில் ஓரின் எவன்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் 1947இல் ‘ஆல்-நீக்ரோ காமிக்ஸ்’ என்ற இதழைக் கொண்டுவந்தார். எழுதியவர், வரைந்தவர் அனைவரும் கறுப்பர்கள். இரண்டாம் இதழுக்குக் காகிதம் விற்க ஆள் கிடைக்கவில்லை. முதல் இதழோடு முடிந்தது. 1965இல் டெல் நிறுவனம் ‘லோபோ’ என்ற கறுப்பு கௌபாயைத் தலைப்பு நாயகனாக்கியது. கட்டுக்கூடப் பிரிக்கப்படாமல் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது அந்தப் புத்தகம். இரண்டே இதழ்.

இந்த இரண்டு கதைகளிலும் வாசகர் கருத்து என்று ஒன்று உருவாகவே வழியில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். படிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் வாய்ப்பு வாசகர் கைக்கு வருவதற்கு முன்பே இடையில் இருந்தவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். கறுப்பு நாயகனை மக்கள் விரும்பவில்லை என்று பிற்காலத்தில் யாராவது புள்ளிவிவரம் காட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிரிக்கப்படாத கட்டுகள் நினைவுக்கு வருகின்றன.

பெயரே பிரச்சினையானபோது

1966 ஜூலைத் தேதியிட்ட ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 52ஆம் இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் டி’சாலாவை அறிமுகப்படுத்தினார்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களிலிருந்து வந்த முதல் கறுப்பின சூப்பர் ஹீரோ அவன். கிர்பி முதலில் யோசித்த பெயர் ‘கோல் டைகர்’. முதலில் வரைந்த அட்டையில் முகமூடி பாதி முகத்தைத்தான் மறைத்தது; நாயகன் கறுப்பன் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். அச்சுக்குப் போன அட்டையில் முகம் முழுவதும் மூடப்பட்டிருந்தது. கடைக்காரர்களை மிரள வைக்கக் கூடாது என்ற முன்யோசனையாக அது இருந்திருக்கலாம். எப்படியோ, புத்தகத்தை வாங்கிப் பிரித்த பிறகே வாசகனுக்குத் தெரிந்தது, தன் அபிமான நால்வரை வரவழைத்து, ஒவ்வொருவராகத் திணறடித்துக்கொண்டிருப்பவன் ஒரு கறுப்பு அரசன் என்பது. அவன் நாடு காட்டுக்குள் ஒளிந்திருக்கும் பெரும் தொழில்நுட்ப வல்லரசு.

அதே ஆண்டு அக்டோபரில், கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் பிளாக் பேந்தர் கட்சியைத் தொடங்கினார்கள். காமிக்ஸைப் பார்த்து அவர்கள் பெயர் வைக்கவில்லை. அலபாமாவின் லவுண்டஸ் மாவட்டத்தில் கறுப்பின வாக்காளர்களுக்காக உருவான அமைப்பு ஏற்கெனவே கருஞ்சிறுத்தையைச் சின்னமாக வைத்திருந்தது. ஆனாலும் துப்பாக்கி ஏந்திய கட்சியின் பெயரும் சிறுவர் நாயகனின் பெயரும் ஒன்றாகிப்போனதில் மார்வெல் சங்கடப்பட்டது. 1972 பிப்ரவரித் தேதியிட்ட ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 119ஆம் இதழில் டி’சாலா தன்னை ‘பிளாக் லெப்பர்ட்’ என்று அழைத்துக்கொண்டான். கட்சியைக் கண்டிக்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை என்கிற மாதிரி ஒரு விளக்கமும் தந்தான். அந்தப் பெயர் ஒட்டவில்லை. சீக்கிரமே பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள்.

அதே 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே முதலான இளைஞர்கள், ஓக்லண்டு கட்சியின் முன்னுதாரணத்தைச் சொல்லியே ‘தலித் பேந்தர்ஸ்’ என்று தங்கள் அமைப்புக்குப் பெயரிட்டார்கள். அந்த மரபின் தமிழகத் தொடர்ச்சிதான் விடுதலைச் சிறுத்தைகள். நியூயார்க்கில் ஒரு நிறுவனம் எந்தப் பெயரை உதறப் பார்த்ததோ, அதையே அதே ஆண்டில் பம்பாய்ச் சேரிகளிலும் குடியிருப்புகளிலும் எழுத்தாளர்கள் நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். ஒரு பெயருக்கு எவ்வளவு கனம் இருக்க முடியும் என்பதை மார்வெல் அலுவலகத்தைவிட அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

வெள்ளையர்கள் எங்கே?

டான் மக்ரெகர் மார்வெலில் பிழைதிருத்துபவராகச் சேர்ந்தவர். வெள்ளைக்காரர். ‘ஜங்கிள் ஆக்‌ஷன்’ அப்போது 1950களின் காட்டுக் கதைகளை மறுபதிப்புச் செய்துகொண்டிருந்தது. ஆப்பிரிக்கக் காட்டில் பொன்னிற முடி கொண்டவர்கள் கறுப்பர்களைக் காப்பாற்றும் கதைகள். 1973ல் போய் இதையா அச்சிடுகிறீர்கள் என்று அவர் முறையிட்டார். சரி, நீயே எழுது என்று பிளாக் பேந்தரை அவரிடம் தந்தார்கள்.

1973 செப்டம்பர்த் தேதியிட்ட 6ஆம் இதழில் ‘பேந்தர்ஸ் ரேஜ்’ தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு ஓர் இதழ், 13 இதழ்கள், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரே கதை. அன்றைய காமிக்ஸில் அது துணிச்சலான காரியம். கதை முழுவதும் வகாண்டாவுக்குள்ளேயே நடக்கிறது. அரசன், தளபதி, ஆலோசகர், கலகக்காரன், விதவை, சிறுவன் என ஏறக்குறைய எல்லோரும் கறுப்பர்கள். வேறு நாட்டைக் காப்பாற்றப் போய்த் தன் நாட்டைக் கவனிக்காமல் விட்ட அரசன், திரும்பி வந்து உள்நாட்டுக் கலகத்தைச் சந்திக்கிறான். கலகத்தின் தலைவன் எரிக் கில்மாங்கர், முதல் இதழிலேயே அவனை அடித்து நொறுக்கி அருவியிலிருந்து கீழே தள்ளுகிறான். 2018ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் நாம் பார்த்த அருவிச் சண்டையின் வேர் இங்கே இருக்கிறது. கடைசியில் கில்மாங்கரை வீழ்த்துவது நாயகன்கூட இல்லை. கான்டு என்ற சிறுவன். முதலில் ரிச் பக்லர், இடையில் கில் கேன், பின்பு தொடர்ந்து பில்லி கிரஹாம் வரைந்தார்கள். கிரஹாம் கறுப்பின ஓவியர். அவர் கைக்கு வந்த பிறகு பாத்திரங்களின் முகங்களில் ஒரு நெருக்கம் வந்தது என்பது பழைய பக்கங்களை இன்று புரட்டினாலும் தெரியும்.

வெள்ளையர்கள் எங்கே என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருந்ததாக மக்ரெகர் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மறைந்து வாழும் ஓர் ஆப்பிரிக்க நாட்டில் எங்கிருந்து வருவார்கள் என்பது அவருடைய பதில். அடுத்த கதைக்கு நாயகனை ஜார்ஜியாவுக்குக் கூட்டிப்போய் வெள்ளையர்களைக் கொண்டுவந்தார். கிளான் அங்கிகளோடு.

கடிதங்களுக்கு வருவோம். மின்னஞ்சல் இல்லாத காலம். படித்து, எழுதி, தபாலில் அனுப்பி, அது ஆசிரியர் குழுவால் தேர்ந்தெடுக்கப்பட்டு அச்சில் வரச் சில மாதங்கள் ஆகும். எழுதியவரின் பெயரோடு முகவரியும் அச்சாகும். அதனால் வாசகர்கள் ஒருவரை ஒருவர் தேடிப்பிடித்துத் தனியே எழுதிக்கொள்வார்கள். நம் வார இதழ்களின் வாசகர் பக்கங்கள் உச்சத்தில் இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சூடு புரியும்.

மக்ரெகர் மீதான முதல் புகார் அவருடைய சொற்கள். ஒரு கட்டத்தில் இரண்டு சண்டைக்காரர்கள் இருந்தால், அவர்களை மறைக்கும் அளவுக்கு வருணனை இருக்கும். காற்று, வலி, நினைவு, குற்றவுணர்வு என்று பத்தி பத்தியாக ஓடும். இந்தப் புகாரை நான் ஏற்றுக்கொள்கிறேன். இன்று படிக்கையிலும் சில பக்கங்களில் ஓவியம் மூச்சுத் திணறுகிறது. ஆனால் அதே சொற்களுக்காக அவரைக் கொண்டாடியவர்களும் இருந்தார்கள். சூப்பர் ஹீரோவுக்கு உடம்பு வலிக்கும், காயம் அடுத்த இதழிலும் ஆறாமல் இருக்கும், கலகக்காரர்களுக்கும் குடும்பம் உண்டு என்று எழுதிய ஆளை அவர்கள் வேறெங்கும் பார்க்கவில்லை.

இரண்டாவது புகார் வேறு ரகம். கிளான் கதை தொடங்கியதும், பொழுதுபோக்குப் புத்தகத்துக்குள் அரசியலைக் கொண்டுவராதீர்கள் என்ற குரல் எழுந்தது. இதை நான் ஏற்கவில்லை. ஒரு கறுப்பு மனிதன் அமெரிக்கத் தெற்கில் கால் வைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாமல் விடுவதும் அரசியல்தான். சொல்லாமல் விடுவது யாருக்கு வசதி என்பதுதான் வித்தியாசம். அதிலும் மக்ரெகர் பிரசங்கம் செய்யவில்லை. 22ஆம் இதழில் டி’சாலாவின் காதலி மோனிகாவிடம் அவள் தாய் ஒரு பழைய குடும்பக் கதையைச் சொல்கிறாள். உள்நாட்டுப் போர் முடிந்த காலத்தில் கிளான் கையில் அகப்பட்ட ஓர் உறவினனின் கதை. கேட்டுக்கொண்டிருக்கும் மோனிகா, அந்தக் கதைக்குள் பிளாக் பேந்தர் இருந்திருந்தால் என்று தன் மனத்துக்குள் அதை மாற்றி எழுதிப் பார்க்கிறாள். நடந்ததும் நடந்திருக்க வேண்டியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. சூப்பர் ஹீரோ எதற்காக என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதிலை நான் காமிக்ஸில் படித்ததில்லை.

1976 நவம்பர்த் தேதியிட்ட 24ஆம் இதழோடு எல்லாம் நின்றது. 1977 ஜனவரியில் பிளாக் பேந்தருக்கு அவன் பெயரிலேயே புதிய இதழ் வந்தது. எழுத்து, ஓவியம் இரண்டும் அவனைப் படைத்த ஜாக் கிர்பி. கிளான் இல்லை, மோனிகா இல்லை, பாதியில் நின்ற கதை பற்றி ஒரு சொல் இல்லை. சாலமன் மன்னனின் பித்தளைத் தவளையைத் தேடும் சாகசம். கிர்பியின் கற்பனை வேகத்தை ரசித்தவர்கள் உண்டு. இன்று அதை மறுபடியும் படித்து மெச்சுகிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காத்திருந்து வகாண்டாவின் துக்கத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அது துரோகமாகப் பட்டது. அவர்கள் கோபத்தின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. கிர்பி மாபெரும் கலைஞர், அதில் ஐயமில்லை. ஆனால் எரியும் சிலுவையிலிருந்து இறங்கிய ஒருவனை எதுவுமே நடக்காததுபோல் புதையல் தேட அனுப்பியது சரியில்லை. மிச்சக் கதையை வேறொருவர் ‘மார்வெல் ப்ரீமியர்’ இதழில் அவசரமாக முடித்துவைக்க அந்தப் பத்தாண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கடிதம் எழுதியவர்கள் என்ன ஆனார்கள்

மக்ரெகருக்கு விடாமல் கடிதம் எழுதிய இளைஞர்களில் ஒருவர் ரால்ஃப் மாக்கியோ. பின்னாளில் மார்வெலிலேயே சேர்ந்து பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். இன்னொருவர் டீன் முல்லேனி. அவரும் சகோதரரும் சேர்ந்து எக்லிப்ஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். அதன் முதல் வெளியீடு 1978இல் வந்த ‘சேபர்’. எழுதியவர் மக்ரெகர், ஓவியர் பால் குலாசி, நாயகன் கறுப்பன். பத்திரிகைக் கடைகளை நம்பாமல் காமிக்ஸ் கடைகள் வழியே விற்ற தொடக்ககாலச் சித்திர நாவல்களில் அதுவும் ஒன்று. தனக்குப் பிடித்த எழுத்தாளரின் தொடரை நிறுவனம் நிறுத்தியபோது, ஒரு வாசகர் பதிப்பாளராகி அவரை எழுதவைத்தார். வாசகர் கருத்துக்கு இதைவிட உருப்படியான வடிவம் இருக்கிறதா?

மூன்றாமவர்தான் முக்கியமானவர். டுவேய்ன் மெக்டஃபி, டெட்ராய்ட்காரர், கறுப்பினத்தவர். 11 வயதில் ‘ஜங்கிள் ஆக்‌ஷன்’ அவர் கைக்கு வந்தது. நல்லவன், கெட்டவன், அறிவாளி, கோழை என எல்லாருமே கறுப்பர்களாக இருந்த அந்தச் சில பக்கங்கள் தன்னைப் புரட்டிப்போட்டதைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அதுவரை காமிக்ஸில் கறுப்பன் என்றால் ஒருவன். அந்த ஒருவன் எதைச் செய்தாலும் இனம் முழுவதும் செய்ததாகும். கூட்டமாக இருந்தால்தான் ஒவ்வொருவனும் தனித்தனி மனிதனாக முடியும். இதை அந்தச் சிறுவன் பிடித்துக்கொண்டான்.

வளர்ந்து மார்வெலில் ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். நிறுவனத்தின் கறுப்பின இளைஞர் பாத்திரங்களில் பலர் ஏன் சறுக்குப் பலகையோடு அலைகிறார்கள் என்று கேலியாக ஒரு கதை யோசனைக் குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பிய துணிச்சல்காரர். 1993இல் டெனிஸ் கோவன், மைக்கேல் டேவிஸ், டெரெக் டிங்கிள் ஆகியோரோடு சேர்ந்து மைல்ஸ்டோன் நிறுவனத்தைத் தொடங்கினார். ‘ஹார்ட்வேர்’, ‘பிளட் சிண்டிகேட்’, ‘ஐகான்’, ‘ஸ்டேடிக்’ என்று நான்கு புத்தகங்கள். டகோட்டா என்ற கற்பனை நகரம் முழுக்கப் பலவகைக் கறுப்பர்கள், ஆசியர்கள், லத்தீன் அமெரிக்கர்கள். வண்ணமிடுவதில்கூட அக்கறை. பழைய அச்சில் கறுப்புத் தோலுக்கு ஒரே சேற்று நிறம், சில சமயம் சாம்பல் நிறம். மைல்ஸ்டோன் பக்கங்களில் ஒரே அறையில் நிற்கும் ஐந்து கறுப்பர்களுக்கு ஐந்து தோல் நிறம்.

இங்கே கருத்து வேறுபாடு கறுப்பினத்தவருக்குள்ளேயே வெடித்தது. அச்சும் விநியோகமும் டிசி நிறுவனத்தின் பொறுப்பு, படைப்புரிமை மைல்ஸ்டோனுக்கு. இந்த ஏற்பாடு சிலருக்குப் பிடிக்கவில்லை. கறுப்பர்களுக்குச் சொந்தமான சில சிறு பதிப்பகங்கள் ‘அனியா’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, வெள்ளை நிறுவனத்தின் வாசல் வழியே வரும் கறுப்பு நாயகன் எப்படி எங்கள் நாயகன் ஆவான் என்று கேட்டன. கேள்வியில் நியாயம் இருந்தது. எவன்ஸுக்குக் காகிதம் கிடைக்காமல் போனதும் ‘லோபோ’ கட்டுகள் திரும்பி வந்ததும் மைல்ஸ்டோனுக்கும் தெரிந்த வரலாறுதான். அவர்கள் கடைக்குள் நுழையும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். என்னைக் கேட்டால் அது சரணாகதி இல்லை.

‘ஐகான்’ இன்னும் சிக்கலைக் கிளப்பியது. நாயகன் ஒரு வேற்றுக்கிரகவாசி. 1839இல் அமெரிக்கத் தெற்கின் பருத்திக் காட்டில் அவன் கலம் விழுகிறது. அவனை எடுத்து வளர்ப்பவள் ஓர் அடிமைப் பெண். முதுமை அண்டாத அவன், நம் காலத்தில் பணக்கார வழக்கறிஞன், பழமைவாதி, உழைத்தால் யாரும் முன்னேறலாம், சலுகை எதற்கு என்று நம்புகிறவன். அவன் வீட்டில் திருட வந்த கூட்டத்தில் இருந்த ரக்கேல் என்ற பதின்வயதுப் பெண் அவன் சக்தியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டு எங்களுக்காக என்ன செய்தாய் என்று மறுநாள் அவன் முன் வந்து நிற்கிறாள். கறுப்பு நாயகன் இப்படியா பேசுவான் என்று ஐகானின் அரசியலைப் பார்த்துக் கொதித்தவர்கள் இருந்தார்கள். மெக்டஃபி வேண்டுமென்றேதான் அப்படி எழுதினார். கறுப்பர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிந்திப்பதில்லை என்பதை நிறுவ வேண்டியிருந்தது. வாசகர்கள் வீட்டில் போட்ட சண்டையை ஐகானும் ரக்கேலும் புத்தகத்துக்குள்ளேயே போட்டார்கள்.

ஜெஃப்ரி பிரௌன் என்ற ஆய்வாளர் டொராண்டோவில் மைல்ஸ்டோன் வாசகர்களிடம் நேரில் பேசி 2001இல் ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு வியப்பு காத்திருந்தது. பல வாசகர்கள் இந்த நாயகர்களை முதலில் நிறத்தை வைத்து எடைபோடவில்லை. அன்றைக்குச் சந்தையை ஆண்ட இமேஜ் நிறுவனத்தின் புடைத்த தசை நாயகர்களோடு ஒப்பிட்டார்கள். இவர்கள் யோசிக்கிறார்கள், பேசுகிறார்கள், அடிப்பதற்கு முன் தயங்குகிறார்கள் என்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது. கறுப்பு ஆண் என்றாலே உடம்பு, மூர்க்கம் என்று பழக்கப்பட்ட ஒரு சமூகத்தில் மூளையால் ஜெயிக்கும் கறுப்பு ஆண், எந்த நிறத்துப் பையனுக்கும் புதிய சாத்தியமாகத் தெரிந்தான். விற்பனை அதற்கு ஈடுகொடுக்கவில்லை. மைல்ஸ்டோன் 1997 வாக்கில் காமிக்ஸ் வெளியிடுவதை நிறுத்தியது. ‘ஸ்டேடிக்’ மட்டும் 2000 முதல் 2004 வரை தொலைக்காட்சிக் கார்ட்டூனாக ஓடி, ஒரு முழுத் தலைமுறையின் பள்ளிக் காலத்தில் இடம்பிடித்தது. மெக்டஃபி 2011இல் இறந்தார். வயது 49 தான்.

ஒரு நாயகனிடம் எத்தனை வேலை

பிளாக் பேந்தர் அதன்பின்னும் கைமாறிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் புகார் வேறு.

1998இல் கிறிஸ்டோபர் பிரீஸ்ட் எழுத வந்தார். மார்வெலின் முதல் கறுப்பின ஆசிரியராக இருந்தவர். கறுப்பு எழுத்தாளருக்குக் கறுப்பு நாயகன் என்று தன்னைக் கட்டிப்போடுவார்களோ என்று முதலில் தயங்கியவரும்கூட. அவர் கதை சொல்லப் பயன்படுத்தியது எவரெட் ராஸ் என்ற வெள்ளைக்கார அரசு அதிகாரியை. கறுப்பு நாயகனின் புத்தகத்தைக் கையில் எடுக்கத் தயங்கும் வாசகனின் எல்லாத் தவறான எண்ணங்களையும் அந்த ஆளின் வாயில் வைத்து, அவனைத் தடுமாற வைத்தார். எங்கள் அரசன் கதையை ஏன் ஒரு வெள்ளையன் சொல்கிறான் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? எழுந்தது. ஆனால் டோரா மிலாஜே என்ற பெண் காவல்படை, வகாண்டாவின் அரசியல் தந்திரம், யாருக்கும் எளிதில் பிடிபடாத அரசனின் மௌனம் எல்லாம் அவர் தந்தவை. விற்பனை ஒருபோதும் பெரிதாக இல்லாமலே அந்தத் தொடர் 62 இதழ்கள் நின்று ஓடியது. மார்வெலுக்கு இது பெருமை.

2005இல் திரைப்பட இயக்குநர் ரெஜினால்ட் ஹட்லின். அவருடைய வகாண்டாவை வரலாற்றில் எவனும் வென்றதில்லை. அவருடைய டி’சாலா தோற்பதில்லை. குறையே இல்லாத நாயகன் சலிப்பூட்டுகிறான் என்று ஒரு பக்கம். ஒரு தடவையாவது எங்கள் ஆள் ஜெயித்துக்கொண்டே இருக்கட்டுமே என்று இன்னொரு பக்கம். இரண்டாவது குரலில் உள்ள ஏக்கம் என்னைத் தொடுகிறது. சூப்பர்மேனின் வாசகர்கள் இப்படிக் கேட்க வேண்டிய நிலை எந்நாளும் வந்ததில்லை.

2016 ஏப்ரலில் டா-நஹாசி கோட்ஸ். முந்தைய ஆண்டுதான் தேசியப் புத்தக விருது பெற்றிருந்த கட்டுரையாளர். ஓவியர் பிரையன் ஸ்டெல்ஃப்ரீஸ். முதல் இதழுக்குக் கடைகள் இரண்டரை லட்சம் பிரதிகளுக்கு மேல் வாங்கின. கோட்ஸ் ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்: இவ்வளவு முன்னேறிய நாட்டில் எதற்கு இன்னும் மன்னராட்சி? மக்கள் கிளர்ச்சி செய்கிறார்கள். டோரா மிலாஜேயைச் சேர்ந்த ஆயோவும் அனேகாவும் அரசனுக்கு எதிராகவே திரும்புகிறார்கள். டி’சாலா குழம்புகிறான், யோசிக்கிறான், நீளமாக யோசிக்கிறான். கட்டுரை எழுதுகிறவர் காமிக்ஸ் எழுதினால் இப்படித்தான் என்று அலுத்துக்கொண்டவர்கள் கணிசம். முதல் சில இதழ்கள் தளர்நடை போட்டன என்பது உண்மை. ஆயினும் அரசனை வழிபடாமல் குடிமக்களின் பக்கம் நின்று வகாண்டாவைப் பார்த்த முதல் எழுத்தாளர் அவர். அந்த முயற்சியில் பிறந்த கிளைத்தொடர் ‘வேர்ல்ட் ஆஃப் வகாண்டா’, ரோக்ஸேன் கே எழுதியது, 2017இல் ஆறே இதழ்களில் நிறுத்தப்பட்டது. அடுத்த பிப்ரவரியில் ‘பிளாக் பேந்தர்’ படம் வெளிவந்து உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் அந்தத் தொடருக்கு எத்தனை புது வாசகர்கள் வந்திருப்பார்கள்!

இந்தப் புகார்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அதிகமாக அடிபடுகிறான். அடிபடுவதே இல்லை. அதிகமாகப் பேசுகிறான். அரசியல் பேசுகிறான். அரசியலை மறந்துவிட்டான். வெள்ளையர் பார்வையில் வருகிறான். வெள்ளையர்களே வருவதில்லை. ஒருவன் இத்தனையும் எப்படிச் சுமப்பான்? வெள்ளை நாயகர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். ஒருவன் கோழை, ஒருவன் குடிகாரன், ஒருவன் கோடீஸ்வரன்; அவர்களில் யாரும் வெள்ளை இனத்தின் பிரதிநிதியாக நிற்க வேண்டியதில்லை. டி’சாலாவின் வாசகர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. அவர்களுக்குக் கிடைத்ததே அவன் ஒருவன்தான். அதனால் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

இழுபறி எல்லாம் அன்பினால் வந்ததும் இல்லை. 2003இல் ராபர்ட் மொராலஸ் எழுதி கைல் பேக்கர் வரைந்த ‘ட்ரூத்’ தொடருக்கு நேர்ந்தது அப்படித்தான். கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய மருந்து, கறுப்பினப் படைவீரர்கள் மீதும் இரகசியமாகப் பரிசோதிக்கப்பட்டது என்பது கதை. அதன் பின்னணி கற்பனை இல்லை. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அரசு மருத்துவத் துறை வேடிக்கை பார்த்தது. தொடர் வெளிவரும் முன்பே, ஒரு வரிகூடப் படிக்காமல், தேசிய நாயகனைக் களங்கப்படுத்துகிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. வந்த பிறகு பேக்கரின் கேலிச்சித்திரச் சாயலைப் பிடிக்காதவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஓவியம் பற்றிய அந்தக் கருத்து வேறுபாட்டை மதிக்கிறேன், எனக்கே அந்த முகங்களுக்குப் பழக நேரம் பிடித்தது. படிக்காமல் எழுந்த கோபத்தை மதிக்க முடியவில்லை. அதில் வந்த ஐசையா பிராட்லி என்ற முதிய வீரன் 2021இல் தொலைக்காட்சித் தொடருக்கு வந்தபோது, அன்று மறுத்தவர்கள் பலரும் அறியாத ஒரு புதிய கூட்டம் அவனைத் தேடிப் பழைய புத்தகத்தை வாங்கியது.

2022இல் பெங்குவின் கிளாசிக்ஸ் வரிசையில் பிளாக் பேந்தருக்கு ஒரு தொகுதி வந்தது. கிர்பி-லீ தொடக்கமும் மக்ரெகரின் ‘ஜங்கிள் ஆக்‌ஷன்’ கதைகளும் அதில் உண்டு. முன்னுரை நெடி ஒகோராஃபோர். செவ்வியல் நூல்களின் அட்டை தாங்கி அந்த எரியும் சிலுவை நூலகங்களுக்குள் போயிருப்பதில் மகிழ்ச்சி. ஒரு குறை எனக்கு உண்டு. பழைய காமிக்ஸைத் தொகுப்பாக்கும்போது பதிப்பகங்கள் பொதுவாகக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு கடிதப் பக்கங்களைக் கழித்துவிடுகின்றன. ‘ஜங்கிள் ஆக்‌ஷன்’ போன்ற ஒரு பத்திரிகைக்கு அப்படிச் செய்யக் கூடாது. அந்தக் கடிதங்களில் பாராட்டியவர்கள், சண்டையிட்டவர்கள், தவறாகப் புரிந்துகொண்டவர்கள் எல்லோரும் அதே தேதிகளோடு, அதே வரிசையில் கதைக்குப் பின்னால் அச்சாக வேண்டும். மார்வெல் அதைச் செய்யட்டும்.